“வந்திட்டியா” என்று மட்டும் கேட்கும் அப்பா: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

பெற்றோரின் சிறுவயதுக் காயம், வளர்ந்த பிள்ளைகளோடு அவர்களுக்குள்ள நெருக்கத்தை என்ன செய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். குடும்ப ஆலோசகராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: 1995 அக்டோபர் 30, போரால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது, வலிகாமம் பகுதியிலிருந்து நடந்து போன அப்பாவுக்கு 12 வயது. இப்போது டொரண்டோவில் இருக்கிறோம், எனக்கு 19. போனில் “சாப்பிட்டியா, வீட்ட வந்திட்டியா” தவிர எதுவும் கேட்பதில்லை. அரை மணி நேரம் பிந்தினால் கத்துகிறார். பாசமே இல்லையோ?

பதில்: அந்த இரண்டு கேள்விதான் அவருடைய பாசம், தங்கச்சி. அன்றிரவு லட்சக்கணக்கான சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நெருக்கியடித்துக்கொண்டு நடந்தது, கையை விட்டால் பிள்ளை தொலைந்துபோகும். அதைக் கடந்து வந்தவருக்கு நீங்கள் பிந்தும்போது முதலில் வருவது பயம், வாய்க்கு வரும்போது அது கோபமாகிவிடுகிறது. அவர் கேட்பதற்கு முன்பே “வந்திட்டன் அப்பா” என்று ஒரு மெசேஜ் போடுங்கள். அப்புறம் ஒருநாள், காரில் போகும்போதோ வெங்காயம் உரிக்கும்போதோ, மெதுவாகக் கேளுங்கள்: “அண்டைக்கு வீட்டிலயிருந்து என்னப்பா கொண்டு வந்தனீங்கள்?” மனசு எப்படி இருந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். சைக்கிளைப் பற்றி, விட்டுவந்த நாயைப் பற்றி என்றால் பேசுவார். அழுதால் தடுக்காதீர்கள்.

கேள்வி: 7 வயதில் தாயை இழந்தவர் என் அம்மா. என் மகளுக்கு 7 வயதானதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதையே குறைத்துவிட்டார். ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?

பதில்: இல்லைம்மா. தான் இழந்த அதே வயதில் பேத்தி நிற்பதைப் பார்க்கும்போது பழைய துக்கம் கிளம்பும், இதை நிறைய குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். எதனால் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கோபித்துக்கொள்ளாமல் நீங்களே மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாட்டியைத் தலை பின்னிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா அடி வாங்கி வளர்ந்தவர், எங்களையும் பெல்ட்டால் அடித்தார். நேற்று என் மகனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். நானும் அவரைப் போலத்தானா?

பதில்: ஓங்கிய கையை இறக்கினீர்கள் அல்லவா? அமெரிக்காவில் செல்மா ஃப்ரைபெர்க் என்ற குழந்தைகள் மனநல நிபுணர் 1975-லேயே எழுதினார்: அடி வாங்கியது நினைவிருந்தும் அந்த வலியை மறந்துவிட்டவர்கள்தான் அதைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு வலி நினைவிருக்கிறது. அப்பாவை மன்னித்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னாலும் அவசரப்படாதீர்கள், அவர் பட்ட அடி காரணம்தான், ஆனால் உங்களை அடிக்க அது அனுமதி ஆகாது. முதலில் மகனிடம் போய் “நேற்று பயந்துட்டியாடா?” என்று கேளுங்கள்.