8 கிலோ ஓமா, 16 கிலோ ஓமா?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம் இருக்கிறது. மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் ஒற்றைக் கம்பிச்சுருள் கருவிகள்) கொண்ட என் எலக்ட்ரிக் கிதாரை ஆம்பில் செருகினாலே 'உம்' என்ற இரைச்சல் எழுகிறது. பிரிட்ஜ் (தந்திகள் முடியும் அடிப்பகுதி) அருகிலுள்ள பிக்கப்பை மாற்ற எண்ணிக் கோவையில் விசாரித்தபோது, 16 கிலோ ஓம் செராமிக் காந்த ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்), 8 கிலோ ஓம் ஆல்னிகோ காந்த ஹம்பக்கரைவிட இருமடங்கு சக்தி உடையது என்றார்கள். எதை வாங்கலாம்?
- ஒரு வாசகர், சோமனூர்

பதில்: இருமடங்கு என்ற கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். ஓம் என்பது காயிலில் சுற்றிய செம்புக் கம்பியின் மின்தடையே தவிர, ஒலியின் அளவன்று. கம்பி மெலிந்தால் சுற்று கூடாமலேயே தடை கூடும் என்பதை உங்கள் ஊர்ப் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிறவர் எவரும் சொல்வார். பிக்கப்பில் வழக்கமாகச் சுற்றும் 42ஆம் கேஜ் கம்பியின் விட்டம் சுமார் 0.063 மி.மீ.; 43ஆம் கேஜின் விட்டம் 0.056 மி.மீ. இரண்டையும் ஒரே நீளத்துக்குச் சுற்றினாலும் பின்னது கால் பங்கு கூடுதல் தடை காட்டும். வெப்பமும் தடையை ஏற்றுவதால், விடியற்காலையில் 8 காட்டிய பிக்கப், 10 டிகிரி ஏறிய சித்திரை நண்பகலில் 8.3 காட்டும், ஓசை கூடியிருக்காது. கம்பியும் காந்தமும் வடிவமும் ஒன்றாக உள்ள இரண்டை ஒப்பிடும்போதுதான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. தவிர, சுற்றுகள் மிகுந்தால் ஒலி பலத்தாலும் கீச்சுப் பகுதி மங்கும்; 16 கிலோ ஓம் ஹம்பக்கர்கள் பலவற்றில் இந்த மங்கலைக் கேட்கலாம்.

வாங்குவதற்கு முன், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தறி ஓடும் நேரத்தில் கிதாரைப் பிடித்தபடி மெல்ல ஒரு சுற்றுத் திரும்புங்கள். ஒரு திசையில் இரைச்சல் அடங்கி மறுதிசையில் ஓங்கினால், மோட்டார்களின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைக் காயில் வாங்குகிறது என்று பொருள்; அதற்கு ஹம்பக்கரே மருந்து. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பில், இரு காயில்களும் எதிரெதிராக இணைவதால் வெளி இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும்; காந்த முனைகளும் எதிரெதிராக இருப்பதால் தந்தியின் ஒலி மட்டும் கூடும். மாறாக, கை தந்தியில் பட்டதும் இரைச்சல் குறைந்தால் குறை பெரும்பாலும் உறையிடலில் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோகக் காப்பில்) உள்ளது. உட்குழிக்குச் செம்புத் தகடு ஒட்டித் தரைக் கம்பியோடு இணைப்பதே அதற்குப் போதும். பிக்கப்புக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

'சக்தி போதவில்லை' என்ற குறையும் பல நேரம் உயரத்தால் வருவது. கடைசிக் கட்டையில் (ஃப்ரெட்) தந்தியை அழுத்தி, பிக்கப்புக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்து, 2 மி.மீ. அளவுக்குத் திருகை ஏற்றிப் பாருங்கள். அரைச் சுற்று வித்தியாசமே காதில் விழும். மேலும் நெருக்கினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் குலைக்கும்.

இவற்றுக்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், நான் உங்களுக்குச் சொல்வது சிங்கிள் காயில் அளவிலேயே வரும், மிதமான வெளியீடுள்ள ஹம்பக்கர். மரத்தைக் குடைய வேண்டாம். செராமிக் என்றாலே கரகரப்பு என்பதும் மிகை. சுற்றும் வடிவமும் சேர்ந்தே குணத்தைத் தீர்மானிக்கின்றன. உங்கள் கிதாரில் 250 கிலோ ஓம் வால்யூம் பாட் (ஓசையைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் மாறு மின்தடை) இருக்கக்கூடும்; ஹம்பக்கருக்கு வழக்கம் 500 ஆதலால், பழைய பாட் இருக்கும்போதே கேட்டுவிட்டு 'மந்தம்' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். கடையில் இரண்டைக் கேட்டு ஒப்பிடும்போது ஆம்பின் ஓசையைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். இல்லையேல் உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும்.

பொருத்திய பின் நடு பிக்கப்போடு சேர்த்து வாசியுங்கள். ஒலி மெலிந்து அடிக்குரல் வற்றினால் இரண்டும் எதிர்முகமாக இணைந்துள்ளன. உறைக் கம்பியைத் தரையிலேயே விட்டுவிட்டு, புதிய ஹம்பக்கரின் இரு வெளியீட்டு முனைகளை மட்டும் இடம் மாற்றிப் பற்ற வையுங்கள்.