ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்

கேள்வி: சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். ஒரு மூதாட்டியின் முதியோர் உதவித்தொகை மனுவை, பணம் எதிர்பார்த்து நான் வேண்டுமென்றே கிடப்பில் போட்டதாகச் சக ஊழியர் ஒருவர் எழுத்துமூலம் புகார் கொடுத்துவிட்டார். நான் மருத்துவ விடுப்பில் இருந்த நாள்களில் அந்தக் கோப்பு அவர் பொறுப்பில்தான் இருந்தது. இப்போது எனக்கு 17(பி) குறிப்பாணை (ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு அறிவிப்பு) வந்திருக்கிறது. ‘ஒப்புக்கொண்டால் கண்டனத்தோடு முடிந்துவிடும், பதவி உயர்வும் கெடாது’ என்கிறார் மூத்த ஊழியர் ஒருவர். அவதூறு வழக்குப் போடச் சொல்கிறார் கணவர். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, செய்யாத தவற்றை ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த மூத்தவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் 17(பி) என்பது, தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு விதிகளில், பணிநீக்கம் வரையிலான பெருந்தண்டனைகளுக்கு வழிவிடும் பிரிவு. தண்டனையை முடிவு செய்யப்போவது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரியே தவிர, உங்களுக்கு ஆறுதல் சொல்பவர் அல்ல. பணம் எதிர்பார்த்தார் என்ற குற்றச்சாட்டு உங்கள் ஒப்புதலோடு பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டால், பிறகு மேல்முறையீட்டில் நீங்கள் சொல்லும் எந்த நியாயமும் எடுபடுவது கடினம். நிலுவையில் இருக்கும் 17(பி) பதவி உயர்வுப் பட்டியலைத் தடுக்கும் என்பது உண்மைதான். அந்த அவசரத்தைக் காட்டித்தான் பலரை ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள்.

குறிப்பாணைக்கு விளக்கம் எழுதும்போது, வாய்மொழி விசாரணை வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் விரும்பினால் அத்தகைய விசாரணையை நடத்தியே ஆக வேண்டும் என்று விதியே சொல்கிறது. புகார் கொடுத்தவரை நீங்கள் குறுக்கு விசாரணை செய்வதற்கும், உங்கள் தரப்புச் சாட்சிகளை அழைப்பதற்கும் உரிமை அங்கேதான் கிடைக்கிறது. குறிப்பாணையோடு வந்த ஆவணப் பட்டியலில் உள்ளவற்றின் நகல்கள் தரப்படவில்லை என்றால், விளக்கம் தருவதற்கான கெடு முடிவதற்கு முன்பே எழுத்துமூலம் கேட்டு, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விளக்கத்தின் உள்ளடக்கம். உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி அந்த ஊழியரின் பொறாமையையும் பழைய குற்றங்களையும் பற்றியதாக இருந்தது (இடம் கருதி இங்கே அச்சிடவில்லை). அவற்றில் ஒரு வரிகூட விளக்கத்தில் வர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு ஊழியர்களின் சொந்தச் சண்டை என்று அதிகாரி நினைத்துவிட்டால், கோப்பை யாரும் ஊன்றிப் பார்க்கமாட்டார்கள். உங்களைக் காப்பாற்றக்கூடியது அந்தக் கோப்புதான். மனு வந்த நாள், வரும் தபால்களைப் பிரித்துக் கொடுப்பதைக் குறிக்கும் பகிர்மானப் பதிவேட்டில் இருக்கும். உங்கள் கைக்கு வந்த நாளும் அடுத்து நகர்ந்த நாளும், ஒவ்வொரு ஊழியரும் தம்மிடம் வரும் கோப்புகளைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் இருக்கும். குறிப்புக் கோப்பில் ஒவ்வொரு சுருக்கொப்பத்தின் கீழும் தேதி இருக்கும். இவற்றை வருகைப் பதிவேட்டோடும், விடுப்பு ஆணையோடும், உங்கள் இருக்கையைக் கூடுதல் பொறுப்பாக அவருக்கு ஒப்படைத்த உத்தரவோடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை கோப்பு யாரிடம் இருந்தது என்று நாள்வாரியாக எழுதுங்கள். உங்கள் கையில் இருந்தபோதும் சில நாள் தாமதம் நேர்ந்திருந்தால் அதை மறைக்காமல் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். தாமதம் வேறு, பணம் எதிர்பார்த்தது வேறு. பகைக்கான காரணத்தை, தேவைப்பட்டால், குறுக்கு விசாரணையில் கேள்வியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

‘அவர்களே நிரூபிக்கட்டும்’ என்று கைகட்டி இருந்துவிடவும் கூடாது. குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் துறை விசாரணையில் இல்லை. நடந்திருப்பதற்கான சாத்தியமே மேலோங்கி நிற்கிறது என்று கருதினால் போதும். அதே நேரம், ஆவணத்தை வெறுமனே தாக்கல் செய்துவிடுவது மட்டும் அதை நிரூபித்ததாகாது, அதற்குரிய சாட்சியை விசாரிக்க வேண்டும் என்று ரூப் சிங் நேகி என்ற வங்கி ஊழியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே புகார் எழுதியவர் விசாரணைக்கு வராமல் அவருடைய கடிதம் மட்டும் வைக்கப்பட்டால், உங்கள் ஆட்சேபணையை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அந்த மூதாட்டியின் வீட்டுக்குப் போய், ‘இவர் பணம் கேட்கவில்லை’ என்று எழுதி வாங்கிவரத் தோன்றும். போகாதீர்கள், யாரையும் அனுப்பவும் வேண்டாம். சாட்சியைக் கலைத்தார் என்ற இரண்டாவது குற்றச்சாட்டுக்கு நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும். அவரைச் சாட்சியாக விசாரணை அலுவலர் மூலமே அழைக்கலாம்.

கணவரின் கோபம் புரிகிறது. ஆனால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாரை அவதூறிலிருந்து விலக்கி வைக்கிறது. அது நல்லெண்ணத்தில் எழுதப்பட்டதல்ல என்று காட்ட, உங்களுக்குச் சாதகமான விசாரணை முடிவு கையில் இருப்பது பெரிய பலம். இப்போதே நோட்டீஸ் அனுப்பினால், புகார்தாரரை மிரட்டுகிறார் என்றுதான் அலுவலகத்தில் பேசுவார்கள்.

விசாரணை முடிந்ததும் அறிக்கையின் நகலை உங்களுக்குத் தந்து, மேல் விளக்கம் கேட்ட பிறகே தண்டனை பற்றி முடிவெடுக்க வேண்டும். 1993-இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்திருக்கிறது. அறிக்கை உங்களுக்குப் பாதகமாக வந்தால், அந்த மேல் விளக்கத்தைத் தனியாக எழுதாமல், பணியாளர் வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். இடையில் விடுப்பில் போக நேர்ந்தால், கையிலுள்ள கோப்புகளைப் பட்டியலிட்டு ஒப்படைத்து, பெறுபவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.