ஏறிய கியரிலேயே இறங்குங்கள்: கார் பராமரிப்பு, வாசகர் கேள்வி–பதில்

ஏற்காட்டுக் கோடை விழா முடிந்த கையோடு வந்த கடிதங்கள் என்பதாலோ என்னவோ, இம்முறை பாதிக்கு மேல் மலைப்பாதையைப் பற்றியவையாக இருக்கின்றன. ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தினர் ஐவரும் ஏற்காடு சென்று மாலையில் திரும்பினோம். பெட்ரோல் மிச்சமாகும் என்று என் கணவர் இறக்கத்தின் பெரும்பகுதியை நியூட்ரலில் ஓட்டினார். பாதி மலை இறங்கியதும் ஏதோ கருகுவது போன்ற நெடி வந்தது. சற்று தூரத்தில் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. ஓரங்கட்டிச் சக்கரங்களில் தண்ணீர் ஊற்றினோம். அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. மறுநாள் பட்டறையில் காட்டியபோது, "பேட் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஒன்றுமில்லை" என்றார்கள். உண்மையிலேயே ஒன்றுமில்லையா?
— வாசகி, கன்னங்குறிச்சி

பட்டறையில் பேடைப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியது பிரேக் ஆயிலை.

மலையிறக்கத்தில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் பேடும் அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிமானம் குறையும். அப்போது மிதி கல்லைப் போல உறுதியாகவே இருக்கும், ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மறுக்கும். உங்களுக்கு நேர்ந்தது மற்றது. மிதி ஆழமாக இறங்கியது என்றால், சக்கரத்தருகே உள்ள ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது என்று பொருள். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால்தான் உங்கள் காலின் அழுத்தம் குழாய் வழியாகச் சக்கரம் வரை போய்ச் சேருகிறது. ஆவியோ அழுத்தினால் சுருங்கிவிடும், ஆகவே மிதி இறங்குமே தவிர பேடு டிஸ்க்கைப் பிடிக்காது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால், அரை மணி நேரத்தில் எல்லாம் சரியானது போலத் தெரிந்தது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 ஆயிலுக்கு அதே கணக்கு 230, 155. ஆயில் குறையாமல் அளவுக்கோட்டில் நிற்கிறது என்பதற்காக ஐந்தாறு ஆண்டுகள் மாற்றாமல் ஓட்டுபவர்கள் பலர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஓடிய கிலோமீட்டர் எவ்வளவாக இருந்தாலும், முழுவதையும் வடித்து மாற்ற வேண்டும். காரில் பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவின் மூடியில் எந்தத் தரம் என்று பொறித்திருக்கும். அதையே ஊற்றச் சொல்லுங்கள். வெப்பத்தில் பேட் கண்ணாடி போல வழவழப்பாகியிருக்கிறதா, டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கிறதா என்பதையும் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

இனி நியூட்ரலுக்கு வருவோம். அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 1,100 மீட்டர். ஐந்து பேருடன் 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த உயரத்தை இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல், வீட்டில் குழாயில் பிடித்த சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கியரில் இறங்கினால் எஞ்சியதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொண்டு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே விட்டுவிடும். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் நான்கு சக்கரங்களின் பிரேக் தலையிலேயே விடியும்.

பெட்ரோல் மிச்சமாகும் என்பதும் கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. எரிபொருளை ஊசிவழி பீய்ச்சும் இன்றைய எஞ்சின்களில், வண்டி கியரில் இருந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் கணினி பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் ஓடுவதற்காகப் பெட்ரோல் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். ஆக உங்கள் கணவர் பிரேக்கையும் வருத்தி, பெட்ரோலையும் கொஞ்சம் கூடுதலாகவே செலவிட்டிருக்கிறார். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். நானும் இருபது வயதில் அப்படித்தான் ஓட்டினேன். சங்ககிரி லாரி ஓட்டுநர் ஒருவர் என்னை வண்டியிலிருந்து இறக்கி, முன்சக்கரத்தின் அருகே உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். ஒரு முழ தூரத்திலேயே அடுப்பருகே கை நீட்டியது போலச் சுட்டது. "ஏறிய கியரிலேயே இறங்கு" என்பதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

அந்தக் கியர் ஏற்காட்டுப் பாதையில் பெரும்பாலும் இரண்டாவதாக இருக்கும். எஞ்சின் இரைச்சலைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்; மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொடாத வரை அந்த இரைச்சலால் தீங்கில்லை. வளைவு வரும் முன் நேர்ச்சாலையிலேயே பிரேக்கை உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு காலை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். மிதியின் மேல் காலை லேசாக வைத்தபடியே இறங்கும் பழக்கம்தான் ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. எந்நிலையிலும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்காதீர்கள். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். சாவியை உருவினாலோ ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும்.

சூடேறிய டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றியதும் தவறு. திடீரெனக் குளிர்ந்த இரும்பு கோணிக்கொள்ளும், சில வேளை வெடிப்பும் விடும்; இனி பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறதா என்று கவனியுங்கள். அகலமான இடம் பார்த்து நிறுத்தி, இறக்கத்தை நோக்கி நிற்கும் வண்டியை ரிவர்ஸ் கியரில் வைத்து, முன்சக்கரத்தை மலைச்சுவர்ப் பக்கம் திருப்பி, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துக் காற்றிலேயே ஆறவிட வேண்டும். புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். இருட்டில் இருசக்கர வண்டியில் வருபவருக்கு அது எமனாகிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மிதி தரை தட்டினால்? விட்டுவிட்டு வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், ஓரளவு அழுத்தம் திரும்பும். கூடவே ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். கைப்பிரேக்கைச் சடக்கென இழுக்காமல், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி படிப்படியாக இழுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மலைச்சுவரில் பக்கவாட்டாக உரசி நிறுத்துவதுதான் வழி. வண்டியின் பக்கவாட்டுத் தகடு போகும். பள்ளத்துப் பக்கம் போவதோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல.

ஆட்டோமேட்டிக் காரில் கியர் குறைப்பது எப்படி? மின்சாரக் காருக்கும் இதெல்லாம் பொருந்துமா?
— வாசகர், அழகாபுரம்

உங்கள் காரின் கியர் தண்டில் 'எல்' என்றோ '2' என்றோ 'எம்' என்றோ 'எஸ்' என்றோ ஓர் எழுத்து இருக்கும். இறக்கத்தில் 'டி'யை விட்டு அதற்கு மாறுங்கள். 'எம்' இருந்தால் இரண்டாவது கியரில் நிறுத்திக்கொள்ளுங்கள். 'டி'யில் விட்டால், பல கார்கள் வேகம் ஏற ஏறத் தாமாகவே மேல் கியருக்குப் போய்விடும். கிளட்ச் மிதி மட்டும் இல்லாத ஏ.எம்.டி. வகைக் கார் வைத்திருப்பவர்கள், ஏற்றத்தில் வரிசையில் நிற்கும்போது ஆக்சிலேட்டரைக் கொடுத்தே வண்டியைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. உள்ளே கிளட்ச் கருகிக்கொண்டிருக்கும். பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள்.

மின்சாரக் கார் இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகிப் பேட்டரியை நிரப்புவதால் வேகமும் கட்டுப்படும். ஆனால் மலை மேலேயே பேட்டரியை 100 விழுக்காடு நிரப்பிக்கொண்டு இறங்கத் தொடங்கினால், வரும் மின்சாரத்தை வைக்க இடமின்றி அந்தத் தடுப்பு ஏறக்குறைய வேலை செய்யாது. விடுதியில் இரவு முழுவதும் சார்ஜ் போடுபவர்கள் 80, 85 அளவில் நிறுத்திக்கொள்ளலாம். மிச்சத்தை மலையே தரும்.

நான் நாகலூரிலிருந்து நாள்தோறும் இறங்கி ஏறுபவன். விடுமுறை நாட்களில் மேலிருந்து வரும் வெளியூர்க் கார்கள் கொண்டை ஊசி வளைவில் முந்திக்கொண்டு நுழைகின்றன. ஏறிவரும் நாங்கள் பாதி வளைவில் நிற்க வேண்டியிருக்கிறது. யாருக்கு வழி விட வேண்டும்?
— வாசகர், நாகலூர்

உங்களுக்குத்தான். குறுகிய மலைச்சாலையில் இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலேயே உள்ளது. ஏற்றத்தில் நின்றுவிட்ட சுமையேறிய வண்டியை மீண்டும் நகர்த்துவது கடினம், பின்னோக்கி உருளும் ஆபத்தும் உண்டு என்பதே இதன் காரணம். சேலம்–ஏற்காடு பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எண் பலகை இருப்பதால், அதைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஹாரன் ஒலித்து, மேலும் கீழும் பார்த்த பிறகே நுழைய வேண்டும். பேருந்து வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். அது திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும்.

பனிமூட்டத்தில் எந்த விளக்கைப் போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஹை பீம் போட்டால் மூட்டத்திலுள்ள நீர்த்துளிகள் ஒளியை உங்கள் கண்ணுக்கே திருப்பியடிக்கும். லோ பீம் போதும். நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிட்டபடி ஓட்டுவது நம் ஊரில் பரவிவிட்ட ஒரு கெட்ட பழக்கம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடும். அது நின்றுவிட்ட வண்டிக்கு உரியது.

பழைய கார் ஒன்றை வாங்கினேன். டயர்களில் பட்டன் நன்றாக இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றன. மாதம் இருமுறை பெங்களூரு போய்வருகிறேன். மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகர், சூரமங்கலம்

டயரின் பக்கவாட்டில், நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். ஒரு பக்கம் இல்லையெனில் உட்பக்கத்தில் தேடுங்கள். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும், பட்டன் அவற்றோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் ஆழம் இருந்தும் ரப்பர் மூப்படையும். ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், பத்தாண்டைத் தாண்டக் கூடாது என்பது டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்வது. சேலத்து வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் காருக்கு அந்தப் பத்து மிக அதிகம் என்பது என் கருத்து. வெடிப்பு விட்ட டயரில் நான்குவழிச் சாலை வேகத்தில் போகாதீர்கள். மாற்றிவிடுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

காற்றை வாரம் ஒருமுறை, காலையில் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும்; ஆள் நிறைந்த சுமைக்குத் தனி அளவு உண்டு. ஓடி வந்த சூட்டில் அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிடக் கூடாது. வெயிலில் டயர் வெடிப்பதற்குக் காற்று கூடுதலாக இருப்பதைவிடக் குறைவாக இருப்பதே பெரும்பாலும் காரணம்; தளர்ந்த பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்ந்து, அந்தச் சூட்டிலேயே பிரிந்துபோகும்.

பெங்களூரிலிருந்து திரும்பும்போது தொப்பூர்க் கணவாய் உங்களுக்கு இறக்கம். கன்னங்குறிச்சி வாசகிக்குச் சொன்ன கியர் கணக்கு அங்கும் பொருந்தும். அதோடு, சுமையேறிய லாரிக்கு நேர் முன்னால் ஓட்டுவதைத் தவிருங்கள். அதன் பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

ரேடியேட்டரில் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிவருகிறேன். தவறா?
— வாசகர், அம்மாபேட்டை

தவறு. உங்கள் வீட்டு வாளியின் ஓரத்தில் படியும் வெள்ளை உப்பு, ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும். கூலண்ட் வெறும் வண்ணத் தண்ணீர் அல்ல. கொதிநிலையை உயர்த்துவதும், துருப்பிடிக்காமல் காப்பதும் அதன் வேலை. கலக்க வேண்டிய வகை என்றால் காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தத்திலிருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். முழுவதும் ஆறிய பின்பே, தடித்த துணியைப் போட்டுத் திறக்க வேண்டும்.

மூன்று வயதுப் பேத்தியை முன்னிருக்கையில் என் மடியில் வைத்துக்கொண்டு, இருவருக்கும் சேர்த்து பெல்ட் போட்டுக்கொள்கிறேன். போதுமா?
— பாட்டி, செவ்வாய்ப்பேட்டை

அம்மா, இது போதாது என்பது மட்டுமல்ல, மிகவும் ஆபத்தானது. மோதும்போது உங்கள் உடல் எடை முழுவதும் பல மடங்காகிக் குழந்தையை அந்த பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும். எதிரே விரியும் காற்றுப்பையும் பெரியவர்களின் மார்பு உயரத்தைக் கணக்கிட்டு அமைத்தது, குழந்தையின் முகத்தில் நேராக அறையும். குழந்தைக்கு உரிய இருக்கையை வாங்கிப் பின்னிருக்கையில் கட்டுங்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. முதல் இரண்டு நாள் பேத்தி அழுவாள். நீங்கள் அவளருகே பின்னிருக்கையில், உங்கள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்துகொள்ளுங்கள்.