ரோந்துப் படகை ஊட்டிக்கு ஏற்றுமுன் பதிவேட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

கடலோர ரோந்தில் ஓடிக் கழித்த சிறு படகை ஏலத்தில் எடுத்து, ஊட்டி ஏரியில் மீட்புப் படகாக ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டலாம். ஆனால் படகின் வயதைவிட இன்ஜின் ஓடிய மணிக்கணக்கைப் பாருங்கள்.

அவுட்போர்டு இன்ஜினுக்கு (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) பொதுவாக முதல் சர்வீஸ் 20 மணி நேரத்தில். பிறகு 100 மணிக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அது. சர்வீஸ் பதிவேட்டில் நீண்ட இடைவெளி தெரிந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை (சுழலும் இதழ்ச் சக்கரம்) மாற்றிய தேதியைத் தேடுங்கள். அது தேய்ந்தால் இன்ஜின் சூடேறிக் கெட்டுப்போகும். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. விலை பேசுமுன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

கடல் படகில் பெரும்பாலும் துத்தநாக ஆனோடு (மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தான் அரிந்துபோகும் உலோகக் கட்டி) இருக்கும். நன்னீரில் அதன்மேல் படலம் படிந்து வேலை செய்யாமல் போகும். பிறகு அரிப்பு அலுமினியக் கியர் உறைக்குத் தாவும். மக்னீசிய ஆனோடு போடுங்கள்.

அடுத்தது உயரம், இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்திருப்பதால் இன்ஜின் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். கார்புரேட்டர் இன்ஜினில் பெட்ரோல் விகிதம் கூடிப் பிளக்கில் கரி படியும். சிறிய மெயின் ஜெட் (பெட்ரோல் பாயும் துளை) தேவை. முழு த்ராட்டிலிலும் கையேட்டில் சொன்ன சுற்று எட்டவில்லையென்றால் புரொப்பெல்லரின் பிட்ச்சை (ஒரு சுற்றில் அது கணக்குப்படி முன்னேறும் தூரம்) குறையுங்கள். 1 அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும்.