கேள்வி – பதில்: ஓசிப் பாட்டில் காசு எங்கே?

கேள்வி: இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு 2007-இல் ‘இஷ்டப்பட்ட விலை கொடுங்கள்’ என்று ஆல்பம் விற்றதாமே, கட்டுப்படியானதா?

பதில்: ஓசி பாதிக் கதைதான். இஎம்ஐ என்ற இசைக் கம்பெனியுடன் ஒப்பந்தம் 2003 ஆல்பத்தோடு முடிந்துவிட்டதால், ‘இன் ரெயின்போஸ்’ ஒலிப்பதிவின் உரிமை முழுக்கக் குழுவிடமே இருந்தது. அக்டோபர் 10 முதல் தங்கள் தளத்தில் விற்றார்கள். விலைக் கட்டத்தில் பூஜ்யம் போட்டாலும் பாட்டு இறங்கும். ஆனால் கிடைப்பது 160 கேபிபிஎஸ் எம்பி3, அதாவது தரம் குறைத்துச் சுருக்கிய கோப்பு. கூர்மையான காதுள்ளவர்களுக்கு அது பத்தாது. அவர்களுக்காகப் பக்கத்திலேயே 40 பவுண்டுக்கு ஒரு பெட்டி: இரண்டு வினைல் தட்டு, சிடி, கூடுதல் பாடல்களோடு இன்னொரு சிடி. பெட்டிக்குப் பேரம் கிடையாது! வருடக் கடைசியையொட்டி கடைகளுக்கான சிடியை பிரிட்டனில் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸும் அமெரிக்காவில் டிபிடி ரெக்கார்ட்ஸும் வெளியிட, இரண்டு நாட்டிலும் முதலிடம். ஆக, கம்பெனியே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. உரிமையை விற்காமல் விநியோகத்தை மட்டும் கொடுத்தார்கள்.

கேள்வி: பழைய பாட்டுகளையும் கையோடு கொண்டுவர முடிந்ததா?

பதில்: இல்லை. அவற்றின் உரிமை இஎம்ஐயிடமே இருந்தது. அந்த டிசம்பரிலேயே இஎம்ஐ அவர்களின் பழைய ஏழு ஆல்பங்களைத் தனிப் பெட்டியாக விற்றது.

கேள்வி: சின்னக் குழு இப்படி நேரடி விற்பனையில் இறங்கினால் எங்கே உதைக்கும்?

பதில்: முதலில் விலையில். கார்டு கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் என்று வையுங்கள். ஒரு டாலர் பாட்டில் 33 சென்ட் அதற்கே போகும். ஐந்து டாலர் ஆல்பத்தில் 45 சென்ட்தான். எனவே ஒற்றைப் பாட்டாக விற்காதீர்கள். குழுக்கள் ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் விற்றால் டிஜிட்டலுக்கு 15, பொருளுக்கு 10 சதவீதம் தளத்தின் பங்கு. கார்டு கட்டணம் தனி.

விலையைப் படிப்படியாக வைக்க நைன் இன்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு நல்ல பாடம். 2008-இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்தின் 36 இசை உருப்படிகளில் முதல் 9 இலவசம், முழுசும் 5 டாலர், இரட்டை சிடி 10, மேலே 75, உச்சியில் கையெழுத்திட்ட 300 டாலர் பதிப்பு. அந்த உச்சிப் பதிப்பு 2,500 பிரதிகளும் சில நாளில் தீர்ந்தன. கணக்குப் போட்டால் ஏழரை லட்சம் டாலர்! கூட்டம் தாங்காமல் அவர்கள் தளமே திணறியது.

வினைல் அச்சாக மாதக்கணக்கில் ஆகலாம். முன்பதிவு எண்ணிக்கை தெரிந்தபின் அச்சுக்குக் கொடுங்கள். தபால் செலவை நாடுவாரியாகத் தனியே வாங்குங்கள், இல்லையென்றால் வெளிநாட்டுப் பார்சல் லாபத்தைத் தின்றுவிடும். கம்பெனியை விட்டு வந்தவர்கள் பழைய ஒப்பந்தத்தில் மறுபதிவுத் தடை (அதே பாட்டைப் புதிதாக ஒலிப்பதிவு செய்யக் கூடாது என்ற விதி) எத்தனை வருடம் என்று பார்த்துவிட்டுத்தான் பழைய பாட்டைத் திரும்பப் பாடிப் பதிய வேண்டும்.