பேஸ்பால் அட்டைக்குப் பதில் என்ன தருவது?

கேள்வி: கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி தங்கச்சிமடத்துப் பெண். அவளுக்கு உயிரான நாவல் என்று ஜான் இர்விங் எழுதிய 'எ பிரேயர் ஃபார் ஓவன் மீனி'யைத் தந்திருக்கிறாள். 150 பக்கத்தோடு நிற்கிறேன். பேஸ்பால், சர்ச், ஜெபம் என்று போகிறது, ஒட்டவில்லை. "உன்னை மாத்தப் பாக்குறாளா?" என்று உம்மா வேறு கேட்கிறார். படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: முதலில் உம்மாவுக்கு. மதம் மாற்றக் கொடுக்கும் புத்தகமல்ல இது. இதில் வரும் பாதிரியார் மெரில், சந்தேகத்தைச் சுமந்துகொண்டே பிரசங்கம் செய்கிறவர். 1989இல் வந்த இந்த நாவலில் நம்பிக்கை யாருக்கும் சுலபமாகக் கிடைப்பதில்லை.

உங்களுக்கு ஒட்டாததற்கு நாயகன் ஓவனின் பேச்சும் காரணமாக இருக்கும். அவன் வாயைத் திறந்தாலே எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லையே, நம் கண்ணுக்கு உறுத்தத்தான் செய்யும். அவனைப் போலவே கீச்சுக் குரலில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் வசப்பட்டது.

பேஸ்பால் விதிகள் புரியாவிட்டால் பரவாயில்லை. ஓவன் அடித்த பந்து பட்டு, கதை சொல்லும் அவன் நண்பன் ஜானின் அம்மா இறந்துபோகிறாள். பிறகு ஓவன், ஆட்டக்காரர்களின் படம் போட்ட தன் பேஸ்பால் அட்டைகள் அத்தனையையும் பெட்டி பெட்டியாக ஜான் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்கிறான். வாயால் மன்னிப்புக் கேட்க முடியாத பதினோரு வயதுப் பையன், தன்னிடம் இருந்ததிலேயே பெரியதைத் தருகிறான். ஜான் அதைத் திருப்பித் தருகிறான். ஆனால் வெறுமனே அல்ல, தனக்கு உயிரான ஆர்மடில்லோ பொம்மையையும் பின்னாலேயே கொடுத்தனுப்புகிறான். (நம் அழுங்கு போல ஓடு போர்த்த விலங்கு; பாடம் செய்தது.) இந்த இடத்தை நீங்கள் தாண்டி வந்துவிட்டீர்கள். திரும்பப் போய்ப் படியுங்கள். உங்கள் தோழி தந்தது அவளுடைய அட்டைப்பெட்டி.

எனக்கு இந்த நாவலைத் தந்தவர் பாம்பன் நண்பர். படகேறும் முன் கடல்நீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். இருபது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, கூச்சம். அந்த அட்டைப்பெட்டிப் பக்கத்தில் அவர் பென்சில் கோடு இருந்தது. அதைக் காட்டித்தான் கேட்டேன். அவருடைய அப்பா கரை திரும்பாத இரண்டு ராத்திரிகளைப் பற்றித் தெற்குவாடிக் கரையில் இருட்டும்வரை சொன்னார். நான் என் அப்பா நூல் கட்டி வைத்திருந்த திருவாசகத்தைக் கொடுத்தேன். இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

ஆகவே திருப்பிக் கொடுங்கள், முழுக்கப் படித்துவிட்டு. பிடிக்காத இடத்தைப் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். கூடவே உங்களுடையதையும் கொடுங்கள். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு தந்த வள்ளல் சீதக்காதி உங்கள் ஊர்க்காரர். சைவரான படிக்காசுப் புலவர் அந்த வள்ளலைப் பாடியிருக்கிறார். சீறாப்புராணத்தில் உம்மாவுக்குப் பிடித்த பாட்டு எதுவென்று இன்றைக்கே கேளுங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு காகிதம் செருகிக் கொடுத்தனுப்புங்கள்.