சிங்க்குக்கு அடியில் ஆர்.ஓ.: மேலே ஒரு குழாய், கீழே நாலு கேள்வி

கேள்வி: மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கிறோம். மேலே மொட்டை மாடி. சமையலறைச் சுவரில் ஆர்.ஓ. மாட்ட இடமே இல்லை. சிங்க்குக்கு அடியில் மெஷினை வைத்துவிட்டு மேலே தனிக் குழாய் மட்டும் தெரிகிற மாடல் ஒன்றை, அடுத்த மாதம் வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறாள் அமெரிக்காவில் இருக்கும் மகள். அங்கே அவளே ஒரு மதியத்தில் மாட்டிவிட்டாளாம். இங்கே வேலை செய்யுமா? போர் தண்ணீர்தான். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 900.

பதில்: மகளை வெறுங்கையோடு வரச் சொல்லுங்கள் அம்மா. அவள் சொல்வது பொய்யில்லை, ஆனால் அங்கே வரும் தண்ணீர் வேறு, இங்கே வரும் தண்ணீர் வேறு.

அங்கே தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும்போதே தண்ணீருக்கு 40 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் இருக்கும். அதை நம்பித்தான் அங்கே விற்கிற பல மாடல்களில் மோட்டாரே வைப்பதில்லை. உங்கள் வீட்டுக்கு மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1.4 பி.எஸ்.ஐ.தான் கிடைக்கும். தொட்டிக்கும் சிங்க்குக்கும் நாலு மீட்டர் என்று வைத்தாலும் ஆறு வராது. உப்புத் தண்ணீர் மெம்பரேனை, அதாவது உப்பை வடிகட்டும் சவ்வைத் தாண்டுவதற்கு, 100 டிடிஎஸ்-க்கு ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. எதிர்ப்பைச் சமாளிக்க வேண்டும். உங்கள் 900-க்கு அதுவே ஒன்பது. ஆறை வைத்துக்கொண்டு ஒன்பதை எங்கே தள்ளுவது? சொட்டுக்கூட வராது.

மோட்டார் உள்ள மாடலாக இருந்தால்? அப்போது அடாப்டரில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். ‘100-240’ என்றிருந்தால் சரி. ‘120’ என்று மட்டும் இருந்தால், நம் ஊர் பிளக்கில் சொருகிய மறுநொடி புகைதான். அதையும் தாண்டினால் ஃபில்டர் பிரச்சினை. அந்த மெஷினுக்குப் பெரும்பாலும் அந்த கம்பெனி ஃபில்டர் மட்டும்தான் பொருந்தும். ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் யாராவது அமெரிக்காவிலிருந்து வர வேண்டும்.

அழுத்தத்தைக் கூட்டும் மோட்டார், அதாவது பூஸ்டர் பம்ப் உள்ள அண்டர்-சிங்க் மாடல்கள் இங்கேயே கிடைக்கின்றன. அதை வாங்குங்கள். ஆனால் கடைக்குப் போகும் முன் சிங்க் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, டேப் வைத்து அளந்து பாருங்கள். பெட்டி ஒன்று, அதோடு பிரஷர் டேங்க் ஒன்று, இரண்டும் நிற்க வேண்டும். மேலே சிங்க்கின் தொட்டியும் கழிவுக் குழாயின் வளைவும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே பிளக் பாயின்ட் இருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கழிவுக் குழாய் ஒழுகினாலும் நனையாத உயரத்தில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மிக்சி பாயின்ட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து கதவிடுக்கில் நசுக்குகிற வேலை வேண்டவே வேண்டாம்.

அந்த பிரஷர் டேங்க் பற்றி ஒரு வார்த்தை, இதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. உள்ளே ஒரு ரப்பர் பை, அதைச் சுற்றிக் காற்று. குழாயைத் திறந்தால் அந்தக் காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் போனதும் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். டேங்கைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது, காற்றுதான் இறங்கிவிட்டது என்று அர்த்தம். சர்வீஸ் ஆள் ‘மெம்பரேன் போச்சு’ என்று எழுதுவதற்கு முன்னால், டேங்கை முழுக்கக் காலி செய்துவிட்டு, கீழே இருக்கும் வால்வில் ஏழு பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றடித்துப் பாருங்கள். சைக்கிள் பம்பே போதும்.

கேள்வி: தனிக் குழாய்க்காக கிரானைட் மேடையில் ஓட்டை போட வேண்டும் என்கிறார்கள். கம்பெனி டெக்னீஷியனோ ‘உடைந்தால் எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று எழுதி கையெழுத்து கேட்கிறார். போடலாமா?

பதில்: கையெழுத்தும் வேண்டாம், அவர் ஓட்டை போடவும் வேண்டாம். கிரானைட் கடைக்காரரிடம் கேட்டால் ஆளைச் சொல்வார். கல்லை வட்டமாக அறுக்கும் கோர் பிட் போட்டு, ஹேமரை அணைத்துவிட்டு, தண்ணீர் சொட்டுவிட்டபடி நிதானமாக இறக்குகிற ஆளாக இருக்க வேண்டும். சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி ஹேமரில் இறக்கினால் அடிப்பக்கம் சில்லு பெயர்ந்துவிடும். சிங்க்குக்கும் சுவருக்கும் இடையில் உள்ள ஒல்லியான பட்டையில்தான் எல்லோரும் இடம் காட்டுவார்கள். அதுதான் கல்லில் பலவீனமான இடம். மூலைப் பக்கம் கல் அகலமாக இருக்கும் இடத்தில் போடுங்கள். அங்கிருந்து குழாயின் மூக்கு சிங்க்குக்குள் எட்டுகிறதா என்று முதலில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சொட்டும் மேடையில்தான் விழும்.

பெரும்பாலான குழாய்களுக்கு 12 மி.மீ. ஓட்டை போதும். ஆனாலும் குழாயைக் கையில் வாங்கி அளந்த பிறகே டிரில்லைத் தொடச் சொல்லுங்கள். ஸ்டீல் சிங்க்கின் பின் விளிம்பில் மூடி போட்ட ஓட்டை ஏற்கெனவே இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், கல்லைத் தொடவே வேண்டியதில்லை.

கேள்வி: வீணாகும் தண்ணீரை என்ன செய்வது? ‘வேஸ்ட் பைப்பில் ஒரு முடிச்சு போட்டால் குறையும்’ என்கிறார் பிளம்பர்.

பதில்: முடிச்சு போட்டால் குறையும். கூடவே மெம்பரேனின் ஆயுளும் குறையும். உப்பை அடித்துக்கொண்டு போகத்தான் அந்தத் தண்ணீர். அதை நிறுத்தினால் உப்பு மெம்பரேன் மேலேயே படியும்.

வீட்டு ஆர்.ஓ.க்களில் ஒரு லிட்டர் குடிநீருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் வெளியே போகிறது. அதன் உப்பு, உள்ளே வந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும்: 900 வந்தால் 1,200-க்குக் கொஞ்சம் கீழே. தரை துடைக்க, கக்கூஸுக்கு ஊற்ற தாராளம். துளசிக்கு வேண்டாம். காரைக் கழுவினால் வெள்ளைத் திட்டு நிற்கும். பைப்பைக் கழிவுக் குழாயில் சேர்ப்பதாக இருந்தால், வளைவுக்கு மேலே, குழாயின் பக்கவாட்டில் கிளாம்ப் போடச் சொல்லுங்கள். அடியில் போட்டால் சோற்றுப் பருக்கை வந்து அடைக்கும்.

ஒன்று மட்டும் என் வீட்டுக் கதை. கால் இஞ்ச் ட்யூபை டெக்னீஷியன் பல்லால் கடித்த மாதிரி கோணலாக வெட்டிச் சொருகிவிட்டுப் போனார். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பினால், ட்யூப் கழன்று, சிங்க் அடியில் இருந்த பிளைவுட் அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது. கம்பெனி ‘எலி கடித்திருக்கும்’ என்றது. அதிலிருந்து, ஊருக்குக் கிளம்பினால் கேஸுக்கு அடுத்து ஆர்.ஓ. வால்வையும் மூடிவிட்டுத்தான் செருப்பைப் போடுகிறேன். உங்கள் இன்லெட்டிலும் தனி வால்வு ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களுக்கு மெட்ரோ வாட்டர், டிடிஎஸ் 210. வீட்டுக்கு வந்த சேல்ஸ்மேன் இரண்டு டம்ளரில் கம்பி விட்டுக் காட்டினார். எங்கள் தண்ணீர் ஒரே நிமிஷத்தில் சாக்கடை நிறமானது, ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. பயமாக இருக்கிறது.

பதில்: அடுத்த முறை வந்தால், அவருடைய ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு ‘இப்போது காட்டுங்கள் சார்’ என்று கேளுங்கள். அதுவும் சாக்கடையாகும். அது அந்த இரும்புக் கம்பியே கரைந்து வருகிற துரு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். அவ்வளவுதான் வித்தை.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. உங்கள் 210-க்கு ஆர்.ஓ. தேவையில்லை. ஆனால் டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது. சம்ப்பைக் கழுவி எத்தனை நாளாயிற்று என்று அசோசியேஷனில் கேளுங்கள். கார்பனும் யு.வி.யும் உள்ள சாதாரண மெஷின் போதும், அதுவும் வேண்டாமென்றால் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

முன்பணம் கொடுத்துவிட்டேன், திருப்பித் தர மறுக்கிறார்கள் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். ரசீதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அந்த டம்ளர் வித்தையை போனில் படம் பிடித்திருந்தால் அழித்துவிடாதீர்கள்.